முன்றிலும் முங்கிலியும்: நிலத்தோடு இயைந்த வீட்டின் சொல் வரலாறு

1. முன்னுரை

பனையோலை வேய்ந்த மண்சுவர்க் குடில் ஒன்றை இருவேறு ஆவணங்கள் இருவேறு வகையாகக் குறிப்பிடுகின்றன. குடிமதிப்புக் கணக்கிலும் வீட்டுவசதித் திட்டக் குறிப்புகளிலும் அது 'கச்சா வீடு' எனப்படுகின்றது. கட்டடக்கலை பற்றிய நூல்களில் அதே குடில், சுற்றுச்சூழலோடு ஒன்றிய 'ஆர்கானிக்' கட்டடக்கலைக்கு முன்மாதிரி என்று போற்றப்படுகின்றது. முன்னது முதிராமையைச் சுட்டும் சொல்; பின்னது நிறைவைச் சுட்டும் சொல். இவ்விரண்டையும் தமிழில் பெயர்ப்போர் ஒரே பொருளுக்கு இருவேறு மதிப்பீடுகளைத் தம்மை அறியாமலே வழங்கிவிட நேர்கின்றது.

நிலத்தோடு இயைந்த குடியிருப்பு என்னும் கருத்து தமிழிலும் தெலுங்கிலும் எவ்வெச் சொற்களால் உணர்த்தப்பட்டு வந்துள்ளது, அச்சொற்கள் காலப்போக்கில் எவ்வாறு பொருள் மாறின என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இரு மொழிகளும் நெடுங்காலமாகக் கலந்து வழங்கிவரும் நாயுடுபேட்டை வட்டாரம் ஆய்வுக்குரிய நிலப்பகுதியாகக் கொள்ளப்படுகின்றது. தெலுங்குச் சொற்கள் தமிழ் எழுத்திலேயே தரப்பெறுகின்றன. ஒலிப்பு வேறுபாடு இன்றியமையாத இடங்களில் மட்டும் அது சுட்டப்பெறும்.

2. நிலப்பகுதி

நாயுடுபேட்டை சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்த ஊர். திருக்காளத்தியைத் தழுவி வரும் இவ்வாற்றுக்குத் தமிழ் மரபில் பொன்முகலி என்று பெயர். ஊருக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் அதனைக் கடலிலிருந்து பிரிக்கும் சீரரிக்கோட்டைத் தீவும் உள்ளன. மேற்கே வேங்கடமலைத் தொடர். மணற்பாங்கான கடற்கரை, பனங்காடு, ஏரிப்பாசன வயல், சிறு குன்று ஆகியவை ஒருநாள் நடைத் தொலைவிற்குள் அடுத்தடுத்து அமைந்திருப்பது இப்பகுதியின் சிறப்பாகும்.

ஆட்சி எல்லைகள் இங்கே பலமுறை மாறியுள்ளன. சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுள் சென்றது. 1960 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த எல்லை மாற்றத்தின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கும், பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்திற்கும் உரியவாயின. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது நாயுடுபேட்டை அதனோடு சேர்க்கப்பட்டது. எல்லைகள் மாறினும் மண்ணும் மரமும் காற்றும் மாறவில்லை. ஆதலின் வீடு கட்டும் முறையும் அதற்குரிய சொற்களும் மொழி எல்லையைப் பொருட்படுத்தாமல் இருபுறமும் பரவிக் கிடக்கின்றன. பழவேற்காட்டு ஏரிக்கரைத் தெலுங்கு வழக்கினைத் தம் 'பிரளய காவேரி கதலு' என்னும் தொகுப்பில் பதிவு செய்துள்ள ச. வெம். ரமேஷின் கதைகள் இக்கலப்பிற்குச் சான்றாகும்.

இப்பகுதியின் தொல்குடியினர் யானாதிகள். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளுள் இறுதித் தொகுதி இவர்களை விரிவாகப் பேசுகின்றது. மூங்கிலும் பனையோலையும் புல்லும் தட்டையும் கொண்டு கட்டப்பெற்ற கூம்பு வடிவக் குடில்களையும், வளர்ந்தோர் தவழ்ந்தே நுழையத்தக்க தாழ்ந்த வாயில்களையும் அவர் குறித்துள்ளார். வாயிலின் தாழ்வு அங்கே வறுமையின் அடையாளமாகவே தோன்றும். ஆயின் இக்கடற்கரை புயலுக்கு இலக்கானது. 1984 நவம்பரில் கடும்புயல் ஒன்று சீரரிக்கோட்டைக்கு அருகே கரையைக் கடந்தது. கூரை தரையளவு தாழ்ந்திருந்தால் காற்று மோதும் பரப்புக் குறையும். மழைநீர் மண்சுவரில் படாது. வறுமைக்குச் சான்றாக எண்ணப்பட்ட வடிவத்தில் நிலம் பற்றிய அறிவும் அடங்கியிருந்தது.

ஆந்திரக் கடற்கரையில், சிறப்பாக வடகடற்கரை மாவட்டங்களில், வழங்கும் வட்ட வீட்டிற்குச் 'சுட்டில்லு' என்று பெயர். இதன் முதற்பகுதியாகிய 'சுட்டு' தமிழ்ச் 'சுற்று' என்பதன் இனச்சொல். தமிழில் 'ற்ற' வரும் இடத்தில் தெலுங்கில் 'ட்ட' வருவது ஒழுங்கான ஒலி ஒப்புமை (பற்று – பட்டு, புற்று – புட்ட). 'சுட்டில்லு' எனும் சொல்லைத் தமிழ்ப்படுத்தினால் 'சுற்றில்' என்றாகும். மூலையற்ற சுவர் காற்றை எதிர்த்து நில்லாது அதனைத் தன்னைச் சுற்றிப் போகவிடும். கட்டடத்தின் இவ்வியல்பே அதன் பெயராகவும் அமைந்துள்ளது.

3. வேய்பொருளும் திணையும்

நிலத்திற்கேற்ற வீடு என்னும் கருத்து தமிழ் இலக்கியத்தில் புதியதன்று. தொல்காப்பியம் கருப்பொருளை எண்ணும்போது தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, செய்தி, யாழின் பகுதி ஆகியவற்றைக் கூறிப் பிறவற்றையும் தழுவிக்கொள்கின்றது. பிற்காலத்து நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் ஊரையும் கருப்பொருள்களுள் ஒன்றாக வெளிப்படையாகச் சேர்க்கின்றது. குறிஞ்சிக்குச் சிறுகுடி, முல்லைக்குப் பாடி, மருதத்திற்கு மூதூர், நெய்தலுக்குப் பாக்கமும் பட்டினமும், பாலைக்குக் குறும்பு எனக் குடியிருப்பின் பெயரே நிலத்தைக் காட்டிவிடும்.

பெரும்பாணாற்றுப்படை இதனை மேலும் நுணுக்கமாகக் காட்டுகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல் அது. நாயுடுபேட்டை வட்டாரமும் தொண்டை மண்டலத்தின் வடபகுதியாகக் கொள்ளப்பட்டதே. ஆதலின் அந்நூலின் நிலக்காட்சிகள் நம் ஆய்வுக்கு அண்மையானவை. பாணன் செல்லும் வழியில் நிலம் மாறுந்தோறும் கூரையின் வேய்பொருளும் மாறுகின்றது. எயினர் குரம்பை ஈந்தின் இலையால் வேயப்பட்டு முள்ளம்பன்றியின் முதுகுபோல் தோன்றுகின்றது. முல்லைச் சீறூரின் கூரை வரகு வைக்கோலால் ஆனது. மருதத்துக் குடில் புதிய நெல்வைக்கோலைச் சூடியுள்ளது. வலைஞர் குடில் வேழக்கோல்களை நிரைத்து, தாழை நாரால் கட்டி, தருப்பைப் புல் வேய்ந்து, குறுகிய இறப்புடன் அமைந்துள்ளது. தோட்ட உழவரின் மனைக்கு வாடிய தென்னைமடலே கூரை.

இவ்வருணனையில் மொழியியலார் கருதத்தக்க கூறு ஒன்றுண்டு. வீட்டின் வடிவத்தைக் கூறும் சொற்கள் (குரம்பை, குடில், மனை) சிலவே. அவற்றை வேறுபடுத்திக் காட்டுபவை வேய்பொருளைக் குறிக்கும் அடைகளாகும். தெலுங்கிலும் இம்முறை இன்றளவும் வழங்குகின்றது. தாட்டி (பனை) ஆகு (இலை) என்னும் இரண்டும் சேர்ந்த 'தாட்டாகு' வேய்ந்தது தாட்டாகு இல்லு. புல்வகையைக் குறிக்கும் 'பூரி' என்பதனால் வேய்ந்தது பூரில்லு. ஓடு வேய்ந்தது பெங்குட்டில்லு. தமிழில் ஓலை வீடு, கூரை வீடு, ஓட்டு வீடு என்பன இத்தகையனவே. வீட்டிற்குத் தலைப்பெயரை மனிதன் தர, அடையை நிலம் தந்தது எனலாம்.

4. இல், மனை, வீடு

தமிழில் குடியிருப்பைக் குறிக்கும் மூன்று அடிப்படைச் சொற்களின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது.

'இல்' என்பது தமிழுக்கும் தெலுங்கிற்கும் பொதுவான தொல்சொல். தெலுங்கில் 'இல்லு' இன்றும் வீட்டைக் குறிக்கும் பொதுச்சொல்லாக உள்ளது. வேற்றுமை ஏற்கும்போது 'இண்ட்டி' என்றாகும். தமிழிலோ இது தனிச்சொல்லாகப் பேச்சுவழக்கிலிருந்து பெரிதும் நீங்கி, இல்லம், இல்லறம், இல்லாள் என்பவற்றிலும் இட வேற்றுமை உருபாகவும் நிலைத்துவிட்டது. 'வீட்டில்' என்று நாம் சொல்லும்போது ஈற்றில் நிற்பது பழைய வீடே. வீட்டைக் குறித்த பெயர் இடத்தையே குறிக்கும் இலக்கணக் கூறாயிற்று.

'மனை' என்பது நிலைபெறுதலைக் குறிக்கும் 'மன்' என்னும் அடியோடு தொடர்புடையது. கன்னடத்தில் 'மனெ' இன்றும் வீடுதான். தெலுங்கில் 'மனு' என்னும் வினை வாழ்தலைக் குறிக்கும். தமிழில் மனைவி, மனையறம் முதலிய சொற்களில் பழம்பொருள் தங்கியிருக்க, தனிச்சொல்லாகிய 'மனை' இன்று பெரும்பாலும் விற்பனைக்குரிய வெற்றுநிலத்தைக் குறிக்கின்றது. 'மனைப்பிரிவு', 'மனைப்பட்டா' என்னும் தொடர்களை நோக்குக. வாழ்தலையும் வாழிடத்தையும் ஒருசேரக் குறித்த சொல், அளந்து எல்லைக்கல் நடப்பெற்ற நிலத்தின் பெயராகச் சுருங்கியுள்ளது.

'வீடு' என்பது 'விடு' என்னும் வினையின் முதனிலை திரிந்த தொழிற்பெயர். பழைய நூல்களில் இது பெரும்பான்மையும் விடுதலையைக் குறிக்கும். அறம், பொருள், இன்பம், வீடு என்னும் வரிசையில் அப்பொருள் நிலைத்துள்ளது. குடியிருப்பைக் குறிக்கும் பொருளுக்கு இடைநிலையாக அமைவது 'படைவீடு'. படை தன் சுமையை இறக்கித் தங்கும் இடம் அது. தெலுங்கு 'வீடு' (டகரம் ஒலிப்புடையது) ஊரையும் பாசறையையும் குறிக்கின்றது. கன்னடப் 'பீடு' என்பதும் அவ்வாறே. தமிழ் 'விடுதி', தெலுங்கு 'விடிதி' என்பனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. தெலுங்கு மொழி தொல்சொல்லாகிய 'இல்லு' என்பதை வீட்டிற்கே வைத்துக்கொண்டு, 'வீடு' என்பதைப் பாசறைக்கும் ஊருக்கும் உரியதாக்கியது. தமிழோ தொல்சொல்லை உருபாக்கிவிட்டுத் தங்குமிடத்தின் பெயரை வீட்டிற்கு வழங்கியது. எல்லைப்பகுதியில் மொழிபெயர்ப்போர் 'வீடு' என்னும் ஒரே வடிவத்தை இரு மொழியிலும் காணும்போது இவ்வரலாற்றை நினைவிற்கொள்ள வேண்டும்.

5. விளிம்புகளின் பெயர்கள்

வீட்டின் முழுமையைக் குறிக்கும் சொற்கள் இவ்வாறு மாறியிருக்க, அது வெளியோடு கலக்கும் விளிம்புகளைக் குறிக்கும் சொற்கள் வியக்கத்தக்க உறுதியுடன் நின்றுள்ளன. இவ்விளிம்புகளே 'சுற்றுச்சூழலோடு ஒன்றிய வீடு' என்பதன் உயிர்நிலை என்பதால் இச்சொற்களைச் சிறிது விரிவாகக் காண்போம்.

'முன்றில்' என்பதனை இலக்கண நூலார் 'இல்முன்' என்பது முன்பின்னாக மாறி நின்ற இலக்கணப்போலி என்பர். 'வாயில்' என்பதனையும் 'இல்வாய்' என்பதன் மாற்றமாகவே கொள்வர். முன்றில் என்பது வீட்டின் முன்னிடம். வாயில் என்பது வீட்டின் வாய். தெலுங்கில் இவற்றிற்கு நேராக 'முங்கிலி', 'வாக்கிலி' என்னும் சொற்கள் உள்ளன. முதற்பகுதிகள் முறையே 'முன்', 'வாய்' என்பவற்றோடு இயைவது தெளிவு. ஈற்றுப்பகுதியை 'இல்' என்று உறுதி செய்வதற்கு முன் ஓர் எச்சரிக்கை தேவை. முங்கிட்ட, வாக்கிட்ட என்னும் வேற்றுமை வடிவங்கள் 'இண்ட்ட' என்பதனை நினைவூட்டினும், உலக்கையைக் குறிக்கும் 'ரோக்கலி' போன்ற சொற்களும் அவ்வாறே திரிவதால், திரிபு வடிவத்தை மட்டும் கொண்டு முடிவு காண்பது பொருந்தாது. எனினும் இரு மொழிகளும் முற்றத்தையும் நுழைவாயிலையும் ஒரே கருத்தமைப்பில் பெயரிட்டுள்ளன என்பதில் ஐயமில்லை.

தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்குரிய இடப்பொருட் சொற்களாகக் கண், கால், புறம், அகம், உள், முன், பின், இடை, கடை, தலை முதலிய பத்தொன்பதனைக் கூறுகின்றது. வீட்டின் பகுதிப் பெயர்களை இவற்றோடு ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அகம் (வீடு), முன்றில், புறக்கடை, தலைக்கடை, உள் என்பன யாவும் இவ்விடச் சொற்களால் ஆனவை. வீட்டின் உறுப்புகள் பொருளின் பெயரால் அன்றி இட உறவின் பெயரால் அறியப்பட்டன. முன்றில் எங்கே முடிந்து தெரு எங்கே தொடங்குகின்றது என்பதற்குச் சுவர் இல்லை. சாணம் மெழுகிய தரையின் ஓரமே எல்லை.

திண்ணை தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் (தின்னெ) காணப்படுகின்றது. தெலுங்கில் 'அருகு' என்னும் சொல்லும் இதற்கு உண்டு. வீட்டிற்கு உரியதாயினும் வழிப்போக்கரும் அமரத்தக்க இடம் அது. பந்தல் (தெலுங்கில் பந்திரி) கூரைக்கும் வானத்திற்கும் இடைப்பட்டது. அதன்மேல் அவரையோ சுரையோ படரும். 'தாழ்வாரம்' என்னும் சொல்லிலேயே கூரைச் சரிவின் தாழ்வு பதிவாகியுள்ளது. சிலப்பதிகாரத்தில் வரும் 'காலதர்' (கால் + அதர்) காற்றின் வழி என்னும் பொருளது. அதன் இடத்தில் இன்று தமிழில் வழங்கும் 'சன்னல்' போர்த்துகீசியச் சொல். தெலுங்கில் வழங்கும் 'கிட்டிக்கி' இந்தியிலிருந்து வந்தது. கடன்சொற்கள் வந்ததில் இழுக்கில்லை. ஆயின் 'காலதர்' என்னும் பெயர் ஒரு துளையின் பணியைக் கூறியது. 'சன்னல்' அத்துளையில் பொருத்தப்பெறும் பொருளையே கூறுகின்றது.

6. 'ஆர்கானிக்' என்னும் கலைச்சொல்

மேலைநாட்டில் 'ஆர்கானிக்' கட்டடக்கலை என்னும் கருத்தைப் பரப்பியவர்களுள் தலையாயவர் அமெரிக்கரான பிராங்க் லாயிட் ரைட். 1908இல் வெளியான தம் கட்டுரையில் இக்கருத்தை முன்வைத்த அவர், 1939இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் அதனை விரித்துரைத்தார். 1935இல் அவர் வரைந்த 'ஃபாலிங்வாட்டர்' இல்லம் பென்சில்வேனியாவில் ஓர் ஓடையின் அருவிக்கு மேலேயே அமைந்தது. பாறை வீட்டின் தரையாகவும், அருவியின் ஓசை வீட்டின் பகுதியாகவும் ஆயின. ஆயினும் அதன் மேடைகள் வலுவூட்டிய கான்கிரீட்டால் ஆனவை. அவை தொய்ந்தமையால் 2002இல் இழுவிசைக் கம்பிகளால் வலுப்படுத்தப்பட்டன. எனவே மண்ணும் ஓலையும் மட்டுமே இவ்வகைக் கட்டடக்கலையின் இலக்கணம் என்று கொள்வதற்கில்லை.

இக்கருத்தின் தாக்கம் தமிழகக் கடற்கரைக்கும் வந்தது. தோக்கியோ இம்பீரியல் ஓட்டல் பணியில் ரைட்டுடன் இருந்த அன்டோனின் ரேமண்ட், புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்திற்காகக் 'கோல்கொண்டா' என்னும் விடுதியை வடிவமைத்தார். 1930களின் பிற்பகுதியில் பணி தொடங்கி 1940களில் நிறைவுற்ற அக்கட்டடத்தில், திறந்து மூடத்தக்க கிடைமட்டக் கான்கிரீட் பலகைகளே நீள்பக்கங்களின் புறத்தோற்றமாக அமைந்துள்ளன. சுவரே காலதராகியுள்ளது எனலாம்.

'ஆர்கானிக்' என்பதன் மூலம் கருவியைக் குறிக்கும் கிரேக்க 'ஆர்கனோன்'. கருவி என்னும் பொருளிலிருந்து உடலுறுப்பு என்னும் பொருளுக்கும், அதிலிருந்து உறுப்புகள் இயைந்த முழுமை என்னும் பொருளுக்கும் அச்சொல் வளர்ந்தது. தமிழ்ப் 'பொறி' என்பதும் இயந்திரத்தையும் ஐம்புலக் கருவிகளையும் ஒருசேரக் குறிப்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இதற்கு இந்திய மொழிகளில் அமைந்த நிகரன்கள் பல. தமிழகப் பாடநூல்கள் வேதியியலில் 'கரிம' என்பதனை ஆள்கின்றன. வேளாண்மையில் 'இயற்கை' என்பது நிலைத்துள்ளது. இலங்கைத் தமிழில் இரண்டிற்கும் 'சேதன' வழங்குகின்றது: சேதன இரசாயனம், சேதனப் பசளை. தெலுங்கில் வேதியியலுக்குக் 'கர்பன', வேளாண்மைக்குச் 'சேந்திரிய'. இவற்றுள் 'கரிம', 'கர்பன' என்பன வேதிப்பொருளையும், 'சேதன' என்பது உணர்வுடைமையையும், 'சேந்திரிய' (ச + இந்திரிய) என்பது பொறிகளோடு கூடியமையையும் சுட்டுவன. கட்டடக்கலைக்கு இவற்றை அப்படியே பெயர்த்து வைத்தால் பொருந்தாது. 'கரிம வீடு' என்பது நகைப்பிற்கிடமாகும். 'இயற்கை வீடு' என்பது மனித முயற்சியற்ற குகையை நினைவூட்டும். மேலும் ஃபாலிங்வாட்டரையும் கோல்கொண்டாவையும் அதனுள் அடக்க இயலாது. 'உயிர்மக் கட்டடக்கலை' என்பது உயிரியல் துறையோடு மயங்கும்.

7. தற்கிழமை என்னும் திறவுகோல்

ரைட் தம் கருத்தை ஆங்கில முன்னிடைச்சொற்கள் இரண்டன் வேறுபாட்டால் விளக்கினார். வீடு குன்றின் மேல் வைக்கப்பட்டதாக இராமல் குன்றினுடையதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ் இலக்கணத்தில் கூறின், ஏழாம் வேற்றுமை உறவை ஆறாம் வேற்றுமை உறவாக மாற்றுமாறு அவர் கேட்டார்.

ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளை நம் இலக்கண நூலார் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாக்கினர். தன்னினின்று பிரிக்கவியலாத உடைமை தற்கிழமை, பிரிக்கக்கூடியது பிறிதின்கிழமை. நன்னூல் தற்கிழமையைப் பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம் என ஐந்தாகப் பகுக்கின்றது. இவற்றுள் 'உறுப்பு' என்பது ஆர்கானிக் என்பதன் கருப்பொருளோடு நேரே பொருந்துகின்றது. 'திரிபின் ஆக்கம்' என்பதற்கு நெல்லினது பொரி எடுத்துக்காட்டாகும். ஒன்று திரிந்து மற்றொன்றாவது அது. மண் திரிந்து சுவராதலும் பனை திரிந்து கூரையாதலும் இவ்வகையினவே.

இவ்வகைப்பாட்டைக் கொண்டு நோக்கினால் சிக்கல் தெளிவடைகின்றது. வீடு அதன் உரிமையாளனுக்குப் பிறிதின்கிழமை. விற்கலாம், விட்டுப் போகலாம். அதே வீடு தான் நிற்கும் நிலத்திற்குத் தற்கிழமையாகலாம். பெயர்த்தெடுத்து வேறிடத்தில் வைத்தால் வழுப்படும் வீடே நிலத்திற்குத் தற்கிழமையானது. ஓலைக் குடிலும் ஃபாலிங்வாட்டரும் பொருளால் வேறுபடினும் இவ்வுறவால் ஓரினமாகின்றன. ஆதலின் இக்கருத்தைக் குறிக்க 'நிலத்தியை கட்டடக்கலை' என்னும் தொடரை இக்கட்டுரை பரிந்துரைக்கின்றது. 'இயை' என்னும் அடி உறுப்புகள் தம்முள் பொருந்துதலையும், முழுமை பிறிதொன்றோடு பொருந்துதலையும் ஒருங்கே உணர்த்தவல்லது. 'இவ்வீடு நிலத்தோடு இயைகின்றது', 'இயையாத கூரை' என வினையாகவும் எதிர்மறையாகவும் வழங்க இடந்தருவதும் அதற்குரிய தகுதியாகும்.

8. கச்சா, குடிசை, காலனி

கலைச்சொல் அமைப்பதனோடு மொழிபெயர்ப்பாளரின் கடமை முடிந்துவிடவில்லை. முன்னுரையில் சுட்டிய மற்றொரு சொல் எஞ்சி நிற்கின்றது. 'பக்கா' என்பது வடமொழிப் 'பக்வ' என்பதன் வழிவந்தது. வெந்தது, கனிந்தது என்பது பொருள். 'கச்சா' என்பது வேகாதது, பச்சையானது. சுட்ட செங்கல்லுக்கும் சுடாத மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பதற்கு இச்சொற்கள் பொருத்தமானவையே. ஆயின் ஆட்சிமொழியில் இவை வீட்டின் தரத்தையும், அதன்வழி அதில் வாழ்வோரின் தரத்தையும் குறிக்கும் சொற்களாக விரிந்தன. தெலுங்கில் 'பக்கா இல்லு' என்பது அரசுத் திட்டங்களின் பெயர்களோடு பிரியாது வழங்குகின்றது.

தமிழில் 'குடிசை' என்பதன் போக்கும் இதனை ஒத்தது. குடி, குடில், குடிசை என்பன ஒரே அடியின் கிளைகள். தெலுங்கில் 'குடிசெ' குடிசையையும், 'குடி' (ககர டகரங்கள் ஒலிப்புடையன) கோயிலையும் குறிக்கும். ஒரே வேர் ஒருபால் தெய்வத்தின் உறைவிடமாக உயர்ந்தது. மறுபால் ஒழிக்கத்தக்கதன் பெயராகத் தாழ்ந்தது. 1970இல் தமிழகத்தில் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. 2021இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2010இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம் கூரைக் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவதையும், 2024இன் கனவு இல்லத் திட்டம் 2030ஆம் ஆண்டிற்குள் குடிசையற்ற தமிழகத்தையும் குறிக்கோளாகக் கொண்டன. வாழ்விடத்தைக் குறிக்கும் சொற்களின் சுமையை அரசும் உணர்ந்துள்ளது என்பதற்கு, 'காலனி' என்னும் சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தது சான்றாகும்.

இங்கே ஒருதலைப்பட்சமான முடிவு கூடாது. ஓலைக்கூரை எளிதில் தீப்பற்றும். அடிக்கடி புதிதாக வேயப்பட வேண்டும். வெள்ளத்தில் மண்சுவர் கரையும். குடிலில் வாழ்வோர் உறுதியான கூரையை விரும்புவது நியாயமானது. சீரரிக்கோட்டை 1969இல் ஏவுதளத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின் அத்தீவிலிருந்து வெளியே குடியமர்த்தப்பட்ட யானாதிகள் இழந்தவற்றைக் கூரையின் பொருளால் மட்டும் அளக்க இயலாது. காடும் ஏரியும் வீட்டின் நீட்சியாக இருந்த நிலை அவர்களுக்கு மாறியது. தனிவீடு பெற்ற ஒருவர் முன்றிலையும் பந்தலையும் பெறவில்லையெனில், அவ்வீடு பக்கா ஆயினும் நிலத்தியைபு உடையதன்று. ஓலைக் குடில் கச்சா ஆயினும் நிலத்தோடு இயைந்ததாகலாம். உறுதி ஓர் அளவுகோல், இயைபு மற்றொன்று. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியதே ஆட்சிமொழி செய்த பிழை. 'கச்சா' என்பதனை 'மண்–ஓலை வீடு' என்றும், 'பக்கா' என்பதனைச் 'செங்கல்–கான்கிரீட் வீடு' என்றும் பொருளைக் கூறிப் பெயர்த்தால் மதிப்பீடு நீங்கித் தகவல் எஞ்சும்.

9. முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். முதலாவது, தமிழிலும் தெலுங்கிலும் வீட்டுப் பெயர்களின் அடைகள் நிலத்திலிருந்தும், பகுதிப் பெயர்கள் இட உறவிலிருந்தும் அமைந்துள்ளன. இரண்டாவது, இல், மனை, வீடு என்னும் முழுமைச் சொற்கள் பொருள் மாறியபோதும் முன்றில், வாயில், திண்ணை, பந்தல் என்னும் விளிம்புச் சொற்கள் இரு மொழிகளிலும் இணையாக நின்றுள்ளன. மூன்றாவது, 'ஆர்கானிக்' கட்டடக்கலையின் கருத்தைத் தற்கிழமை என்னும் நம் இலக்கணக் கருத்தால் தெளிவாக விளக்க இயலும்.

தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962இல் வேளாண்மைச் சொற்களோடு தொடங்கிவைத்த வட்டார வழக்குத் தொழிற்சொல் அகராதி வரிசையில் கட்டடத் தொழிலுக்கும் ஒரு தொகுதி அமைந்தது. அதனைத் தமிழகத்தின் வட எல்லை மாவட்டங்களில் வழங்கும் கூரை வேய்வோர், மண்சுவர் வைப்போர் ஆகியோரின் சொற்களோடு ஒப்பிட்டு இருமொழிச் சொற்கோவை ஒன்றை உருவாக்குதல் உடனடித் தேவையாகும். கூரை வேயும் தொழில் அருகிவருவதால் அச்சொற்களை அறிந்தோர் பெரும்பாலும் முதியோரே. கான்கிரீட் வீட்டிற்கு ஒரு முன்றில் வேண்டுமென்று அடுத்த தலைமுறை கேட்க வேண்டுமாயின், அதனைக் கேட்பதற்குரிய சொல் அவர்களிடம் இருத்தல் வேண்டும்.